ஆறுமணிக்குருவி



இரவுச் சாப்பாடு முடிந்ததும் விடுதி டி.வி. முன்னால் இடம் பிடிக்க நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் கிரிக்கெட் மழையால் நின்றுபோக, யாரோ சேனலை மாற்றினார்கள். திரையில் ஆப்பிரிக்கா! தான்சானியா நாட்டு செரங்கெட்டி தேசியப் பூங்கா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மான்கள் மழை பெய்யும் திசையைத் தேடி, கென்யா நாட்டு மாசாய் மாரா வரை போய்த் திரும்புகின்றன. ஆற்றில் முதலைகள் காத்திருக்கின்றன. அத்தனை பேர் இருந்த அறையில் பேச்சு மூச்சில்லை. "மச்சி, வாழ்க்கையில ஒரு தடவையாவது இதைப் போய்ப் பார்த்துடணும்டா" என்றான் பக்கத்தில் இருந்தவன். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் சென்னையைப் பார்த்தவர்களே கிடையாது. இதில் செரங்கெட்டி!

நான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர்க்காரன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா இன்றும் கைநாட்டு. சாமையும் மரவள்ளியும் போக, கார்த்திகை பிறந்தால் மேஸ்திரியோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார். பங்குனியில்தான் திரும்புவார். என் முதல் செமஸ்டர் பீஸ் அந்த மிளகில் வந்த காசு.

சென்ற டிசம்பரில் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணி வேடந்தாங்கல் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தலைக்கு 350 ரூபாய். அம்மாவிடம் போனில் கேட்டேன். "பறவ பாக்கறதுக்கா பஸ் ஏறிப் போறீங்க? நம்ம மலையில இல்லாத பறவையா?" என்று சிரித்தார். ஆனாலும் பக்கத்து வீட்டு அண்ணன் மூலம் பணம் அனுப்பிவிட்டார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. பறவைகளை எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வேறு விதமாகத் தெரியும். சைக்கிள் டியூப்பை வெட்டி நானே செய்த உண்டிவில் ஆறாம் வகுப்பு வரை என் டவுசர் பையில் இருந்தது. கவுதாரி எந்தப் புதரில் படுக்கும், காடை எந்த நேரத்தில் மேய வரும், மணிப்புறா எந்தக் கிளையில் உட்காரும் எல்லாம் அத்துப்படி. ருசியும் தெரியும். வீட்டில் கறி வாங்க வழியில்லாத நாளில் அதுதான் கறி. இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

அதிகாலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று பாட்டும் கூத்துமாகப் போய், மதுராந்தகம் தாண்டி உள்ளே திரும்பியதும் எல்லோரும் தாமாகவே அமைதியானோம். ஏரிக்கரையில் ஏறி நின்றோம்... என்னவென்று சொல்வது! தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்ததுபோல் இருந்தன. அத்தனையும் பறவைகள். கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா... அந்தச் சத்தம் இருக்கிறதே, நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லா லேத்தும் ஒன்றாக ஓடுவது போல!

நத்தைக்குத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதைப் பார்த்த மெக்கானிக்கல் நண்பன், "டேய், அவுட்சைடு காலிபர்டா!" என்று கத்தினான். எங்கள் சிவில் கூட்டமும் சளைக்கவில்லை. சர்வே பிராக்டிகலில் ஸ்டாஃபைப் பார்க்கச் சொன்னால், பழைய டம்பி லெவலில் மின்கம்பியில் இருந்த கரிச்சானைத் தலைகீழாகப் பார்த்துத் திட்டு வாங்கியவர்கள் நாங்கள். இங்கே சாரே பைனாகுலரைக் கையில் கொடுத்து "பாருங்கடா" என்கிறார்.

அங்கே சார் சொன்ன வரலாறு என்னை நிறுத்திவிட்டது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்களே கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்னும் மக்களின் உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் சரணாலயமாக அறிவித்தது 1936-ல்தான். 2022-ல் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆனால் முதலில் காப்பாற்றியவர்கள் படித்தவர்களோ அதிகாரிகளோ இல்லை, உழவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதைக் கண்டறிந்தவர்களும் அவர்களே.

வெளியே டீக்கடைப் பெரியவர் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "கள்ளக்குறிச்சி" என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயோ, அந்தச் சாராயத்துல அத்தனை பேரு..." என்றார். 2024 ஜூனுக்குப் பிறகு வெளியூரில் எங்களுக்குக் கிடைக்கும் விசாரிப்பு இதுதான். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் பறவை நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் சாவு நினைவுக்கு வருகிறது. டீ தொண்டையில் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் சாரின் பறவைப் படப் புத்தகம் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. சும்மா புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பச்சை முதுகு, சிறகில் நீலம், கண்ணில் மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. ஆறுமணிக்குருவி!

எங்கள் ஊரில் ஐப்பசி கடந்தால் பொழுது சாயும்போது அது கூவும். "ஆறுமணிக்குருவி கூவுது, வெளக்க ஏத்துங்கடி" என்பார் ஆயா. கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அதுதான் கடிகாரம். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒருநாள் பலா மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருந்த அதை உண்டிவில்லால் அடித்துவிட்டேன். கையில் எடுத்தால் ஒரு பிடி கூட இல்லை. கறிக்கும் ஆகாது. "மணி சொல்ற குருவிய அடிச்சிட்டியேடா, பாவி" என்று ஆயா அன்று என்னிடம் பேசவே இல்லை. மறுநாள் சாயங்காலம் கூவல் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

"சார், இது எங்க மலைக் குருவி" என்றேன். சார் சிரித்தார். "உங்க மலைக்கு விருந்தாளிப்பா. இமயமலை அடிவாரக் காட்டுலயும் மத்திய இந்தியாவுலயும் முட்டை வைக்குது. குளிர்காலத்துக்கு ராத்திரி ராத்திரியா பறந்து தெற்கே வருது. சித்திரை வாக்குல திரும்பிடும். இதுக்குப் பேர்தான் வலசை."

வலசை! செரங்கெட்டியில் நாங்கள் வாய் பிளந்து பார்த்ததும் இதைத்தானே? பிழைப்பைத் தேடிப் போய், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது. அப்படியானால் என் அப்பா போவதும் வலசைதான். அந்த ராத்திரி பஸ்ஸில் என்னால் தூங்க முடியவில்லை. பங்குனியில் அப்பா வராவிட்டால் எங்கள் வீடு என்ன ஆகும்? அந்தக் குருவிக்கும் திரும்பிப் போக ஒரு காடு இருந்திருக்கும். அது போகவில்லை. நான்தான் போகவிடவில்லை.

சார் இன்னொன்றும் சொன்னார். சைபீரியப் பக்கத்திலிருந்து தென் ஆப்பிரிக்கா வரை பறக்கும் அமூர் வல்லூறு என்னும் பறவை, வழியில் நாகாலாந்தில் இறங்கும். 2012-ல் அங்கே தொயாங் நீர்த்தேக்கத்தின் அருகே வலை வைத்து ஆயிரமாயிரமாகப் பிடித்துக் கொன்றார்கள். செய்தி வெளியானதும் பாங்டி என்னும் ஊரின் மக்கள் கூடிப் பேசி, மறு வருடமே வேட்டையை நிறுத்திவிட்டார்கள். அவர்களும் மலைக்காரர்கள். அவர்களுக்கும் அது கறிதான், காசுதான். வலை வைத்த கை காவலுக்கு மாற ஒரே வருடம் போதுமானதாக இருந்தது!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதி அனுப்பலாம். பைனாகுலர் கூடக் கட்டாயமில்லை. பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு தம்பியோடு பலா மரத்தடிக்குப் போனேன். அவன் பையில் உண்டிவில் துருத்திக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சின்னான் ஏழு, மைனா நான்கு, செம்போத்து ஒன்று, வால்காக்கை இரண்டு என்று அவன்தான் கடகடவென்று சொன்னான். நான் எழுதினேன். எனக்குத் தெரியாமல் இலைக்குள் இருந்ததை எல்லாம் அவன் கண் பிடித்தது.

பொழுது சாய்ந்தது. கீழே சருகுக்குள்ளிருந்து அந்த இரட்டை விசில்! தம்பியின் கை தானாகப் பைக்குப் போனது. "அது இமயமலையிலேர்ந்து வந்திருக்குடா. நம்ம அப்பா மாதிரி" என்றேன், மெதுவாக. அவன் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "எப்போண்ணா ஊருக்குப் போவும்?" என்று கேட்டான்.

"சித்திரையில."

"அப்பா?"

"அப்பா அதுக்கு முன்னாடியே வந்துடுவாரு."

நோட்டில் 'ஆறுமணிக்குருவி - 1' என்று தம்பியே எழுதினான். வீட்டுக்குள் ஆயா விளக்கை ஏற்றினார்.

நண்பர்களே, செரங்கெட்டிக்கு நாம் போவோமா, தெரியாது. வேலை கிடைத்து, காசு சேர்ந்தால் போகலாம். அதற்கு முன்னால் இந்த லீவில் உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ கோமுகி அணைக்கட்டிலோ கால் மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். எங்கள் மலைக்கு வந்தால் வீட்டுக்கும் வாருங்கள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள்... மணி சொல்ல ஆள் இருக்கிறது!