அரியருக்கு முன்பே தெரிய வேண்டியது

வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளிலேயே பயனற்றது, ‘புரியுதா?’ என்பதுதான். முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை ‘புரியுது சார்’ என்று கோரஸ் பாடும். நாமும் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவோம். யாருக்கு எது புரியவில்லை என்பது அரியர் பட்டியல் வரும்போதுதான் தெரியும். அப்போது அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பைத் தாண்டிப் போயிருப்பார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு இந்தத் தொழிலின் நுணுக்கம் என்று படுவது ஒன்றுதான்: மாணவருக்கு எது புரியவில்லை என்பதை, சரிசெய்ய நேரம் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும்.

அதற்கு ஆசிரியரிடம் உள்ள கருவி, கேள்வி. மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? நியூட்டன் விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்களில் பலர் ‘சுழியம்’ என்பார்கள். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வைத்து, எது பிரகாசமாக எரியும் என்று கேளுங்கள். மின்னோட்டம் முதல் பல்பிலேயே கொஞ்சம் செலவாகிவிடும், அதனால் இரண்டாவது மங்கும் என்று சிலராவது சொல்வார்கள். கவனக்குறைவால் வரும் தவறுகள் இல்லை இவை. உள்ளே ஒரு தர்க்கம் ஓடுகிறது. அதனால்தான் கொள்குறி வினா தயாரிக்கும்போது சரியான விடையைவிடத் தவறான விடைகளுக்கே எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு மாணவர் உண்மையிலேயே நம்பக்கூடியதாக இருந்தால்தான், அவர் எங்கே சறுக்குகிறார் என்பது தெரியும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே ஆக்கினார். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் அவருடைய மாணவர்கள், சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகளில் திணறினார்கள். அதன்பின் அவர் வகுப்பு நடந்த விதம் இது: ஒரு கேள்வி, தனித்தனியாக யோசித்து விடை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் விடை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையானவர்கள் முதல் முறையே சரியாகச் சொல்லும் கேள்விதான் வாதத்துக்கு ஏற்றது. எல்லாருக்கும் தெரிந்ததைப் பேசிப் பயனில்லை; யாருக்குமே தெரியாததைப் பேச முடியாது.

நம் வகுப்பில் இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். விடை எண்ணை விரல்களால் நெஞ்சருகே காட்டச் சொன்னால் போதும். வாதம் மட்டும் தமிழில் நடக்கட்டும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவி ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குவாள். ‘பந்து நின்னா என்னடி, பூமி இழுக்கிறது நிக்குமா?’ என்று தோழியிடம் கேட்கும்போது அவள் இயற்பியல்தான் பேசுகிறாள்.

கேள்வி கேட்டபின் சும்மா இருக்கவும் பழக வேண்டும். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் கண்டறிந்தார். அதை 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன. தாமாக முன்வந்து பேசுகிறவர்களும் கூடினார்கள்.

அடுத்தது சிறு தேர்வு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். அதனால் என் வகுப்பு, போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளோடு தொடங்கும். நோட்டை மூடிவிட வேண்டும். மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் அவசியமும் யாருக்கும் வராது.

திருத்துவதில் சில பழக்கங்கள் உண்டு. பெயர் தெரியாதபடி முன்பக்கத்தை மடித்துவிடுவேன். எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாவது என்று போவேன். முதல் தாளுக்கு ஒரு நீதி, கடைசித் தாளுக்கு ஒரு நீதி என்று ஆகாமல் இது காக்கும். எந்தக் கேள்வியில் வகுப்பே விழுந்திருக்கிறது என்பதும் பளிச்சென்று தெரியும். பாதிப் பேர் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவதுதான் முறை. ‘நன்று’, ‘முயற்சி தேவை’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘விசைப்படம் வரையாமல் சமன்பாட்டுக்குப் போய்விட்டீர்கள், வரைந்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்றால் மாணவருக்கு அடுத்து செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கூடவே மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. ஆகவே தாளைக் குறிப்புகளோடு முதலில் கொடுப்பேன். மதிப்பெண் அடுத்த வகுப்பில்தான்.

இனி கேள்வித்தாள். பெஞ்சமின் புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டின் வழியில், இன்று ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் கே1 முதல் கே6 வரையான நிலைகளில் ஏதாவதொன்றைப் போட்டுவிடுகிறோம். ‘விவரி’யை ‘பகுப்பாய்வு செய்’ என்று மாற்றினால் நிலை உயர்ந்துவிடாது. விடை அப்படியே கைடில் இருந்தால் எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் அது மனப்பாடக் கேள்விதான். இன்டெர்னல் மதிப்பெண்ணின் பங்கும் கூடிவருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு அது 40 சதவீதம். இந்த மதிப்பெண்ணைச் சலுகையாகவும் கொடுக்கக் கூடாது, மிரட்டவும் பயன்படுத்தக் கூடாது. எதற்கு எவ்வளவு என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நேர்மை.

இதற்கெல்லாம் நேரம் ஏது, சிலபஸ் முடிய வேண்டாமா என்று கேட்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் முடித்த சிலபஸ் பதிவேட்டில் இருக்கும். மாணவருக்குப் புரிந்ததுதான் அவரோடு போகும். நாளைய வகுப்புக்கு ஒரே ஒரு நல்ல கேள்வியோடு போங்கள். ‘புரியுதா?’ என்பதற்குப் பதில் அதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.