சப்பட்டைக் காலும் ஆடி வெள்ளியும்

சாத்தூரிலிருந்து கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் இருக்கன்குடி. ஒரு பக்கம் வைப்பாறு, மறுபக்கம் அர்ச்சுனா நதி, நடுவில் மாரியம்மன். பஸ், வேன், ஆட்டோ எல்லாம் போகும். ஆனால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் பக்கத்து ஜனம் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி என்று எல்லாத் திசையிலிருந்தும் நடைதான். பாதிப் பேர் காலில் செருப்பே இருக்காது.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பில் போடுகிறவன். நாற்காலி உத்தியோகம். பாதம் இரண்டும் சுத்த சப்பட்டை. குளித்துவிட்டு வந்தால் தரையில் பதியும் ஈரத் தடத்தைப் பார்த்து, "தோசை வார்த்த மாதிரியே இருக்குடா" என்பாள் அம்மா. அரை மணி நேரம் நின்றால் போதும், உள் கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்கும்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி வருஷா வருஷம் நடக்கிற பார்ட்டி. "இந்தத் தடவ நீங்களும் வாங்க தம்பி, இருபத்தேழு, இருபத்தெட்டு கிலோமீட்டர்தான்" என்றார், டீக்கடைக்குக் கூப்பிடுகிற மாதிரி.

சித்திரையிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போய் நின்றேன்.

"குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல நில்லுங்க... ம், இப்ப வளைவு தெரியுது. மூட்டு இறுகிப் போகலை. பயிற்சி பண்ணலாம்."

"வளைவு வந்துருமா மேடம்?"

"இந்த வயசுல புதுசா முளைக்காது சார். அதைத் தாங்குற தசைக்கு வலு வரும், வலி குறையும். போதாதா?"

பிறக்கும்போது எல்லாருக்கும் சப்பட்டைப் பாதம்தானாம். பத்து வயசுக்குள் பெரும்பாலோருக்கு வளைவு அமைந்துவிடுகிறது. 1992-ல் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற நம் நாட்டு டாக்டர்கள் இருவர் 2,300 பிள்ளைகளின் காலடித் தடத்தை ஆராய்ந்து எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்ததுகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்ததுகளில் 2.8 பேருக்குத்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு எங்கடா நாங்க ஷூ வாங்கித் தந்தோம்?" என்றாள். வாஸ்தவம். பரம்பரையும் ஒரு காரணம். அப்பா தடமும் அதே தோசைதான்.

பயிற்சி ஒன்றும் மல்யுத்தம் இல்லை. முக்கியமானது இது: பாதத்தைத் தரையில் ஊன்றி, விரலை மடக்காமல், கட்டைவிரலின் அடிமேட்டைக் குதிகால் பக்கமாக இழுக்க வேண்டும். பாதம் கொஞ்சம் குட்டையாகி நடுவில் தூக்கும். ஐந்து எண்ணி விட வேண்டும். கேட்கச் சுலபம். முதல் வாரம் விரல்தான் மடங்கியதே தவிர பாதம் அசையவே இல்லை. உள்ளங்காலில் குரக்களி வேறு. ஆபீஸ் மேஜைக்கடியில் ரகசியமாகச் செய்தேன். "என்னய்யா, பில் போடும்போது பல்லைக் கடிக்கிறே?" என்று மேனேஜர் கேட்டார். அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவது, கெண்டைக்காலை நீட்டி இழுப்பது. சாயந்திரம் நடை, வாரா வாரம் கொஞ்சம் தூரம் கூட்டி. ஆனி பிறந்தபோது கண்மாய்க்கரை வரை போய் வந்தும் கணுக்கால் சத்தம் போடவில்லை.

இரண்டு விஷயம் அந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார். நன்றாக இருந்த ஒரு கால் மட்டும் நடுவயதில் திடீரென்று சப்பையாகி, உள் கணுக்காலில் வலி, வீக்கம் என்றால் பயிற்சி அப்புறம், டாக்டர் முதலில். அங்கே இறங்குகிற தசைநார் பழுதாகியிருக்கலாம். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மரத்த காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது. மூன்றாவது என் சரக்கு: ராணுவ செலக்ஷனுக்குப் போகிற தம்பிகளே, ஒரே மாசத்தில் தடத்தை மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், பர்ஸைத் திறக்காதீர்கள்.

வியாழன் ராத்திரி கிளம்பினோம். மேட்டமலை தாண்டும்போது தார் ரோடு ஆறிக் கிடந்தது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். வழியில் யாரோ மோர் தந்தார்கள். சாத்தூர் வரை ஷூ, அதற்கப்புறம் வேண்டுமானால் வெறுங்கால் என்பது பிசியோதெரபிஸ்ட் போட்ட ஒப்பந்தம். விடியக் கருக்கலில் ஷூவைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டேன். ஜல்லி ஒவ்வொன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. கெண்டைக்கால் வலித்தது, தொடை வலித்தது. அண்ணாச்சிக்கும் அதே இடத்தில் வலித்ததில் ஒரு சந்தோஷம். உள் கணுக்கால் மட்டும் சமர்த்தாக இருந்தது.

கோயில் வாசலில் தகடு விற்றுக்கொண்டிருந்தார்கள். கண், கை, கால் என்று வேண்டுதலுக்கு ஒன்று. நான் கால் ஒன்று வாங்கினேன். அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுவும் சப்பட்டையால்ல இருக்கு!"