இருபத்திரண்டு பாகை

கிழக்கிலே கடலோர ஊரொன்றில் பிறந்தும் நாற்பது வயது வரை எனக்கு நீந்தத் தெரியாது. எங்களூரில் கடல் ஆண்களுக்கு, பெண்களுக்குக் கிணற்றடி. லண்டனுக்கு வந்த பிறகுதான், பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தில், நீச்சல் தடாகத்தில் பழகினேன். அங்கிருந்து திறந்த ஏரியில் இறங்கும் துணிவைத் தந்தது வெட்சூட் என்ற றப்பர் உடுப்பு.

டிரையத்லன் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி. ஒலிம்பிக் தூரத்தில் நீச்சல் மட்டும் 1500 மீற்றர். நான் போவது அதில் பாதித் தூரத்துக்கு.

வெட்சூட் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெயரிலேயே நனைவு இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகும். சூட்டைக் காப்பது நியோப்ரீனுக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள். இதை 1950களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவர் கலிபோர்னியாவின் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர். டிரையத்லனுக்கென்றே ஒன்றை 1987இல் டான் எம்ப்ஃபீல்ட் வடிவமைத்தார். அந்தக் குமிழ்களே இடுப்பையும் காலையும் மேலே தூக்கிவிடுகின்றன. கால் தாழும் என்னைப் போன்றோருக்கு அது பெரிய உபகாரம். தடிப்பு 5 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பது விதி.

அணிவது தனிப் பாடு. காலில் பொலித்தீன் பையை மாட்டி நுழைக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும். கழுத்தில் களிம்பு பூசாவிட்டால் உராய்ந்து புண்ணாகும். முதுகு ஸிப்பை இன்னொருவர்தான் இழுத்துவிட வேண்டும். நீரில் இறங்கியதும் நெஞ்சை யாரோ கட்டிப் பிடித்தது போலிருக்கும், மூச்சு வராது. கழுத்துப் பட்டியை விரித்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டால் இறுக்கம் தளரும். இதைச் சொல்லித் தந்தவர் என் ஸிப்பை இழுத்துவிட்ட வெள்ளைக்காரக் கிழவி.

கரையில் எல்லோரும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு. குளிரென்றால் தலைக்கும் நியோப்ரீன் முக்காடு. அந்தக் கூட்டத்தில் என்னை எவரும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை. படத்தைப் பார்த்த உம்மா மட்டும், "மூடித்தான் இரிக்கி மகள், ஆனா இறுக்கம் கூடிப்போச்சே" என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான்.

2019 ஜூலையில் வெயில் கொளுத்தியது. போட்டிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் நீரின் வெப்பநிலையை அளந்தார்கள். எங்கள் தூரத்துக்கு 22 பாகை செல்சியஸ் வந்துவிட்டால் வெட்சூட் தடை. வெப்பமான நீரில் அதற்குள் உடல் கொதித்துவிடும். விதியில் எனக்குக் குறையில்லை. அறிவிப்பு வந்ததும் மற்றவர்கள் கைகாலை வெளியே விட்டு மகிழ்ந்தார்கள். நான் பையிலிருந்து புர்கினியை எடுத்தேன். 2004இல் அவுஸ்திரேலியாவில் அஹெதா ஸனெட்டி வடிவமைத்தாரே, அந்த வகைத் துணியுடுப்பு.

அப்போதுதான் தலைகள் திரும்பின. மூடிய அளவு ஒன்றேதான். 22க்குக் கீழே அது விளையாட்டு, மேலே போனால் மார்க்கம். 2016இல் பிரான்சின் கடற்கரை நகரங்கள் பல இதே உடுப்பைத் தடை செய்தன. ஆகஸ்ட் இறுதியில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரின் தடையை நிறுத்திவைத்தது. றப்பர் அணிந்து அலைச்சறுக்கியவரை எவரும் கரையேறச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

நடுவராக வந்த பெண் என் சட்டைக் கையை இரு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"மிதக்குமா?"

"தாழும்" என்றேன்.

சிரித்தார், போகச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

உண்மையாகவே தாழ்ந்தது. துணி நீரை அள்ளி ஊதியது. கால்கள் பழையபடி கீழே போயின. வழமையைவிட நான்கு நிமிடம் பிந்தித்தான் கரையேறினேன். றப்பரை உரிக்கும் வேலை இல்லாததால் நேரே சைக்கிளில் ஏறினேன். பத்தாவது கிலோமீற்றருக்குள் உடுப்பு காய்ந்துவிட்டது.