வரப்புக்கடியில் ஒரு கல்

மாசி மாதம், காலை ஏழரை மணி. தஞ்சாவூருக்குக் கிழக்கே வெண்ணாற்றை ஒட்டிய ஒரு கிராமம். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாகக் கிடக்கிறது. வரப்புப் புல்லில் பனி காயவில்லை. கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு பெரியவர் முன்னால் நடக்கிறார். அவருக்குப் பின்னால் கம்பமும் பையுமாக சர்வேயர் பெண். அடுத்து நிலத்துக்குரிய அண்ணனும் தம்பியும், பிறகு கிராம உதவியாளர், கடைசியில் நான்.

பெரியவர் முப்பது வருடம் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அளவுக்கு யார் வந்தாலும் இந்தப் பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சர்வேயருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கணிதம் படித்து, தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். அவர் பையில் இருக்கும் ரோவர் என்ற கருவி, பத்துச் செயற்கைக்கோள்களோ இருபது செயற்கைக்கோள்களோ தலைக்கு மேல் வந்தால் நின்ற இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். அப்படியிருக்கக் கடப்பாரை எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணன் தம்பிக்குள் வழக்கு ஒன்றும் பெரிதில்லை. அப்பா காலத்திலேயே பாகம் பிரித்துப் பதிவு செய்தாயிற்று. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு தன் பக்கமாக நகர்ந்து வந்துவிட்டது என்கிறார் தம்பி. வரப்பு நகருமா? டெல்டாவில் நகரும். ஒவ்வொரு போகத்துக்கும் மண்வெட்டியால் வரப்பின் பக்கவாட்டைச் சீவி அண்டை வெட்டுவார்கள், சேற்றை வாரி அணைப்பார்கள். ஒருவர் கொஞ்சம் கூடச் சீவி, மற்றவர் கொஞ்சம் கூட அணைத்தால் போதும். ஒரு போகத்துக்கு விரல்கடை நகர்ந்தாலும் இருபது வருடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சர்வேயர் புலப்படத்தை விரித்தார். எஃப்எம்பி என்று தாலுகா ஆபீஸ் வாசலில் எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒரு சர்வே நம்பருக்கு ஒரு தாள். வயலின் மூலைக் கற்களை இணைத்து நடுவே நீளமாகச் சில கோடுகள் போட்டிருக்கும். ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டில் இத்தனை தூரம் நடந்து, செங்கோணத்தில் இடமோ வலமோ இத்தனை தூரம் திரும்பினால் எல்லையின் ஒரு வளைவு வரும். இப்படி வரிசையாக எழுதிய எண்களுக்கு லேடர் என்று பெயர். பார்க்க ஏணி மாதிரியே இருக்கும். இந்தத் தாளில் உலகத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. அட்சரேகை இல்லை, தீர்க்கரேகை இல்லை. கல்லிலிருந்து கல்லுக்கு எவ்வளவு என்பது மட்டுமே. ஆகையால் தாளை வயலில் இறக்கி வைக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு கற்களாவது வேண்டும். எந்தக் கோளாலும் அந்தக் கல்லைக் காட்ட முடியாது.

"செயின்மேன்னா செயின் இழுக்கிறவன்னு நினைப்பாங்க தம்பி. கல்லு தேடுறதுதான் வேலை" என்றார் பெரியவர்.

முதல் கல் வாய்க்கால் ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியவர் வரப்பின் மேல் நின்று நாலு திசையும் பார்த்தார். இரண்டு வரப்புகள் கூடும் இடத்தில் கடப்பாரையை ஒரு அடி ஆழத்துக்குக் குத்தி எடுத்தார். சத்தென்று சேற்றுச் சத்தம். ஒரு சாண் தள்ளி மறுபடியும். ஆறாவது குத்தில் சத்தம் மாறியது. அவர் இரண்டாம் முறை குத்தவில்லை. கடப்பாரையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து கையால் மண்ணை வாரினார். செங்கல்லா, கருங்கல்லா என்பது சத்தத்திலேயே தெரியுமாம். செங்கல் பொத்தென்று உள்வாங்கும், கருங்கல் கையில் அதிரும். மண்ணைத் துடைத்தபோது கல்லின் தலையில் வெட்டிய குறுக்குக்கோடு தெரிந்தது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி இந்தக் கற்களைக் காப்பாற்றுவது நிலத்துக்காரர் பொறுப்பு. அண்ணனும் தம்பியும் அந்தக் கல்லை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

சர்வேயர் பழைய படத்தின் நகலையும் வைத்திருந்தார். இரண்டு கற்களுக்கும் இடையே 412 லிங்க் என்று அதில் இருந்தது. மெட்ரிக் படத்தில் 82.9 மீட்டர். லிங்க் என்பது கன்டர் செயினின் ஒரு கண்ணி. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி அது: நீளம் 66 அடி, கண்ணிகள் 100. பத்துச் சதுரச் செயின் சேர்ந்தால் சரியாக ஓர் ஏக்கர் வரும்படி அவர் அந்த 66 அடியைத் தேர்ந்தெடுத்தார். அளந்தவன் பெருக்கிப் பார்த்துப் புள்ளியை நகர்த்தினால் ஏக்கர் கிடைத்துவிடும், வாய்ப்பாடு தேவையில்லை. மனை வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது மனப்பாடம். அந்தத் தசமப்புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். அதை அடியில் சொல்லப்போனால் அப்படித்தான் வரும். அந்தச் சங்கிலி கையிலிருந்து போய்விட்டது, ஆனால் அது தந்த சென்ட்டை இன்றைக்கும் பத்திரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர் சென்ட் கணக்கில் பேசுவதில்லை. குழி, மா, வேலி. பன்னிரண்டு அடிக் கோலால் சதுரமாக அளந்தால் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. "மூணு குழி ஒரு சென்ட்டும்பாங்க" என்றார். பெருக்கிப் பார்த்தேன், 432. சுமார் மூன்றரைச் சதுர அடி குறைகிறது. தஞ்சாவூர் வட்டாரத்தில் அந்த மூன்றரை அடியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் இதே வட்டாரத்தில் ஒரு காலத்தில் அதையும் பொருட்படுத்தியிருக்கிறார்கள். முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஊரின் மொத்த அளவு, அதில் குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி கட்டாத நிலத்தைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் வரிசையாக உண்டு. பின்னத்துக்குக் கீழே பின்னம் போகிறது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. அதற்கும் கீழே இன்னொரு கீழ். உள்ளங்கை அகல மண்ணுக்கும் கணக்குச் சொல்ல முயன்றிருக்கிறார்கள். வயலில் அத்தனை நுட்பமாக அளந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பெருக்கி வகுத்துக் கணக்கில் வந்த பின்னமாக இருக்கும். வந்ததை விட்டுவிடாமல் எழுதினார்கள் என்பதுதான் என்னைக் கட்டிப்போடுகிறது. தமிழ்நாட்டில் பல கோயில்களில் அளவுகோலின் நீளத்தையே சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோல் தேய்ந்தாலோ, யாராவது குறைத்துவிட்டாலோ கோயிலில் கொண்டுபோய் வைத்துச் சரிபார்க்கலாம்.

அதே பெரிய கோயிலில் 1808இல் ஒரு விபத்து நடந்தது. இந்தியாவை அளக்கக் கிளம்பிய ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியிருந்தார். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, 400 முறை கிடத்திக் கிடத்தி 57 நாளில் நாற்பதாயிரம் அடிக்குச் சற்று அதிகமாக அளந்தார்கள். வெப்பமானி எதற்கு? முப்பது மீட்டர் எஃகு, பத்து டிகிரி சூடு ஏறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு தெற்கே வந்தபோது டெல்டா அவர்களை நிறுத்தியது. குன்று இல்லை, கண் போகும் இடமெல்லாம் தென்னையும் பனையும். உயரம் என்று இருந்தவை கோயில் கோபுரங்கள் மட்டுமே. தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் வட்டம் கோணிவிட்டது. லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய், கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆறு வாரம் ஆப்பும் திருகும் வைத்து அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. நிலக்கணக்கு வெட்டிய கோயிலிலேயே நிலம் அளக்கும் கருவி மோதிய இந்தக் கதை, அன்று எங்களோடு வந்தவர்களில் சர்வேயருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

சர்வேயர் ரோவரைக் கம்பத்தில் பொருத்தினார். வெள்ளைத் தொப்பி மாதிரி ஒரு தலை, இரண்டு மீட்டர் கம்பம், நடுவில் கண் போல ஒரு நீர்க்குமிழி. திரையில் 26 கோள்கள். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாம் கலந்து. ஜிபிஎஸ் கோள் பறப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து கிளம்பிய ரேடியோ அலை வந்துசேர்ந்த நேரத்தை வைத்துத்தான் தூரம். நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும்; ஒரு வரப்பின் அகலம். செல்போன் அதனால்தான் சில மீட்டர் முன்பின்னாகக் காட்டுகிறது. ரோவர் இன்னொரு வழியில் போகிறது. சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, கோளுக்கும் தனக்கும் இடையே எத்தனை முழு அலை என்று எண்ணுகிறது. எண்ணிக்கை உறுதியாகும் வரை திரையில் ஃப்ளோட். உறுதியானால் ஃபிக்ஸ். இடையில் காற்று மண்டலம் செய்யும் குழப்பத்தைக் கழிக்க, இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையம் ஒன்று அதே கோள்களைப் பார்த்துக்கொண்டு திருத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கோர்ஸ் நிலையம் என்கிறார்கள். திருத்தம் வருவது சிம் கார்டு வழியாக. சிக்னல் இல்லாத வயலில் ரோவர் வெறும் கம்பம்தான்.

"மதியத்துக்கு மேல ஃபிக்ஸ் வர நேரமாகும் சார். அதான் காலையிலயே வந்துடுறது" என்றார் சர்வேயர். இது அவருடைய அனுபவம். அதற்கு இயற்பியலில் காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் அயனி மண்டலம் வெயில் ஏற ஏற அடர்ந்துகொண்டே போகும். அங்கே வளைந்து தாமதித்து வரும் அலையை எண்ணுவது கடினம்.

முதல் கல்லில் கம்பத்தை நிறுத்தினார். பெரியவர் கம்பத்தைப் பிடித்துக் குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவந்தார். கம்பம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் தலை மூன்றரை சென்டிமீட்டர் விலகும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டாவது கல். திரை சொன்ன தூரம் 82.94 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். எப்போதோ யாரோ இரும்புச் சங்கிலியை வெயிலில் இழுத்து எழுதிய எண் அது. "பிடிச்சுக்கிச்சு" என்றார் சர்வேயர்.

மூன்றாவது கல் அண்ணன் தம்பிக்கு நடுவே உள்ள வரப்பின் முனையில் நன்றாகவே நின்றது. அளந்தால் படத்தோடு ஒத்துவரவில்லை. தம்பி பக்கமாக 1.4 மீட்டர் தள்ளி நிற்கிறது. இரண்டு கற்களிலிருந்தும் தனித்தனியாகப் பார்த்தாகிவிட்டது. இரண்டும் இந்தக் கல்லைத்தான் குற்றம் சொல்கின்றன. லேடர்படி அது இருக்க வேண்டிய இடம் தென்னை வரிசைக்கு அடியில். ரோவரை அங்கே கொண்டுபோனால் ஃப்ளோட். ஐந்து நிமிடம் நின்றும் ஃப்ளோட். தென்னங்கீற்றில் பட்டுத் தெறித்து வரும் அலையை எண்ண முடியவில்லை.

சர்வேயர் வெளிச்சமான வயலுக்கு வந்து இரண்டு முளை அடித்தார், ஃபிக்ஸோடு. அங்கிருந்து தேட வேண்டிய இடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு இரண்டு எண் சொன்னார். பெரியவருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டேப்பின் நுனியை ஒரு முளையில் தம்பியிடம் கொடுத்து, சொன்ன அளவில் பிடித்துக்கொண்டு மண்ணில் வில்லாக ஒரு கீறல் போட்டார். அடுத்த முளையில் அண்ணனை நிறுத்தி இன்னொரு கீறல். இரண்டு வில்லும் வெட்டிக்கொண்ட இடத்தில் கடப்பாரை இறங்கியது.

சத்தென்றது. நாலு விரல் தள்ளி மறுபடியும். மூன்றாவது குத்தில் இரும்பு அதிர்ந்தது.

முழங்கால் ஆழம் தோண்டினார்கள். அடியில் நின்றது கல்லின் பாதி. மேல் பாதி முறிந்து போயிருந்தது. உடைந்த முகத்தைப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, போய் வரப்பு முனைக் கல்லை ஆட்டிப் பார்த்தார். அது எளிதாகக் கையோடு வந்தது. அதன் அடிமுகத்திலும் அதே முறிவு. எந்த டிராக்டரோ முறித்திருக்கிறது. யாரோ எடுத்து, நல்ல எண்ணத்திலோ வேறு எண்ணத்திலோ, வசதியான இடத்தில் நட்டிருக்கிறார்கள். அண்ணன் எதுவும் பேசவில்லை. வரப்பின் நீளம் அறுபது மீட்டர். மறுமுனை சரியாக இருக்கிறது. ஆக, போனது நீண்ட முக்கோணம். 42 சதுர மீட்டர். ஒரு சென்ட்டும் கொஞ்சமும். "மூணு குழி" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல்.

இந்த மாதிரிக் கைகளை நாம் எண்ணி வைத்திருக்கிறோமா? கருவிகள் வாங்கப்படுகின்றன, வாங்க வேண்டியவைதான். வில் போடவும் கல்லைச் சத்தத்தில் அறியவும் தெரிந்த செயின்மேன்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிய ஒரு கையேடு எங்காவது இருந்தால் எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களோடு ஒரு வருடம் இவர்களை வயலில் நடக்க விடலாம். செலவு ஒரு ரோவர் விலைகூட ஆகாது.

சர்வேயர் குழிக்குள் குனிந்து, முளைகளிலிருந்து உடைந்த கல்லுக்குள்ள தூரத்தை நோட்டில் எழுதினார். மூட வேண்டாம், புதுக்கல் நடும்வரை ஒரு குச்சி அடித்து வைக்கலாம் என்றார். பெரியவர் டேப்பைச் சுருட்டவில்லை.

"தென்னையிலேர்ந்தும் ஒண்ணு எழுதிக்குங்கம்மா."

எழுதினார்.

"தென்னை காத்துல விழுந்துடும். மதகு நிக்கும். மதகுலேர்ந்தும் ஒண்ணு போடுங்க."

கிராம உதவியாளர் டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி மதகின் மூலையில் வைத்தார். பெரியவர் இழுத்துப் பிடித்து, தொய்வு போன பிறகு எண்ணைச் சொன்னார். 17.35. சர்வேயர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினார்.