கிவிப்பழத்தை உறைய வைக்கும் பாசி

பச்சைக் கிவிப்பழத்தை ஜெலட்டினில் கலந்து ஃபிரிட்ஜில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாது. பழத்திலுள்ள ஆக்டினிடின் என்ற நொதி ஜெலட்டினின் புரத இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அன்னாசியும் பப்பாளியும் அப்படித்தான். 1904இல் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து கொண்டுவந்த விதைகளில் தொடங்கி, நியூசிலாந்து உலகத்துக்கே விற்கும் அளவுக்கு வளர்த்தெடுத்த பழம் கிவி. ஆக்லாந்தில் குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஜெல்லி மிட்டாய் செய்ய நினைக்கும் தாய்மார் முதலில் கையில் எடுப்பதும் அதையேதான். கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். கூடவே அந்தப் பச்சையும் மங்கிப்போகும்.

நகர மையத்தில் ஹாப்சன் தெரு அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும் கீழக்கரைப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் செய்வது கடல்பாசியில், அதாவது அகரில். பாசியில் இருப்பது புரதம் இல்லை, ஒருவகை மாவுச்சத்து. ஆக்டினிடினால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

“நோன்பு திறக்கக் கடல்பாசி வைக்காத வீடு எங்க ஊர்ல ஏதுக்கா? உம்மா இளநியை ஊத்தி, வழுக்கையை உள்ள போட்டு, தாம்பாளத்துல உறையவிட்டு வெட்டித் தருவாக. அதையே இங்க கரடி அச்சுல ஊத்துறேன், அவ்வளவுதான்” என்றார். மேல்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவரும் தன் பாத்திரத்தோடு கீழே வந்திருந்தார். அவர் கை ஜெலட்டினுக்குப் பழகியது. சிறிய சமையலறையில் இரண்டு அடுப்பிலும் இரண்டு வேலை நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது எனக்கு நல்ல வாய்ப்பு.

மே மாதம், ஃபீஜோவா காலம். ஆக்லாந்தின் வீட்டுத் தோட்டங்களில் இந்தக் காலத்தில் ஃபீஜோவா தானாக உதிர்ந்து கொட்டும். தின்று தீராதவர்கள் பை பையாக அக்கம்பக்கத்தாருக்கும் அலுவலகத் தோழர்களுக்கும் கொடுப்பார்கள். அப்படி வந்த பழங்களைக் குறுக்கே வெட்டி, கரண்டியால் சதையை வழித்து, மிக்ஸியில் அடித்து வைத்திருந்தார் கீழக்கரைப் பெண். வெட்டிய கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும் பழம் அது. அதனால் எலுமிச்சைச் சாறு சில துளிகள்.

கத்தரிக்கோலால் துண்டாக்கி ஊறவைத்த பாசி இழைகள் பத்து கிராம் இருக்கும். முந்நூறு மில்லி தண்ணீரில் அவை கொதித்தன. அகர் கரைய ஏறக்குறைய 90 டிகிரி சூடு வேண்டும், இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தால் கரையாது. அவர் அவ்வப்போது கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கரண்டியின் முதுகில் கண்ணாடி நூல்போல ஒரு இழை ஒட்டியிருந்தாலும் திரும்பவும் பாத்திரத்துக்குள். இழை முழுதும் மறைந்த பிறகு ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டார். ஒரு நிமிடத்துக்குள் அது கெட்டியாகி, விரலால் தள்ளினால் தட்டைவிட்டு முழுசாக நகர்ந்தது. அதுதான் பதம். அடுப்பை அணைத்த பிறகுதான் பழக்கூழ் உள்ளே போனது. புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாசியின் பிடிப்பு தளர்ந்துவிடும். கூழும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக்கூடாது. அகர் ஏறக்குறைய 40 டிகிரியில் உறையத் தொடங்கும். குளிர்ந்த கூழ் பட்ட இடத்தில் குறுணை குறுணையாகத் திரிந்துபோகும். அவர் கூழைக் கிண்ணத்தோடு வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கி வைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்துத் தாய் செய்தது வேறு வித்தை. பாய்சன்பெரிச் சாறு 120 மில்லி. அது ஆறியிருக்கும்போதே 25 கிராம் ஜெலட்டினைத் தூவி ஊறவிட்டார். பொடி சாற்றை உறிஞ்சிப் பஞ்சுபோல் உப்பியதும் இளஞ்சூட்டில் கரைத்தார். கொதி வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். துளிக்குழாயால் மீன் அச்சுகளை ஒவ்வொன்றாக நிரப்பினார்.

“ஜெலட்டின் எண்டா நல்லா இழுபடும், பிள்ளையளுக்கு அதுதான் விருப்பம். ஆனா வெள்ளிக்கிழமையில மாமி தொடமாட்டா. அந்த நாளுக்கு இவவின்ர பாசிதான்.”

மாடு, பன்றி இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது ஜெலட்டின். சைவ வீடுகளும், ஹலால் பார்க்கும் வீடுகளும் ஒதுங்குவது அதனால்தான். வாயில் நடப்பதும் வேறு. ஜெலட்டின் உடல் சூட்டிலேயே இளகிக் கரையும், பாசி கரையாது, பல் பட்டதும் துண்டாக உடையும். கடையில் வாங்கும் கரடியின் சவைப்பு பாசியில் வரவே வராது. வரும் என்று சொல்லிச் செய்முறை தருகிறவர்களை நம்பவேண்டாம்.

பாசி மிட்டாய்க்கு வேறொரு பலம் உண்டு. பிப்ரவரி வெயிலில் நிற்கும் காருக்குள் ஜெலட்டின் மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பாகிவிடும், பாசிக் கரடிகள் அப்படியே இருக்கும். நுண்ணுயிரியலையே மாற்றிய குணம் இது. 1881இல் ஜெர்மனியில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலைசெய்த வால்டர் ஹெஸ்ஸேவின் ஜெலட்டின் தட்டுகள் கோடையில் இளகிப்போயின. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே அகரைச் சொல்லிக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டு, வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தி வந்த பொருள் அது. இன்றைக்கும் உலகமெங்கும் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அகர் தட்டில்தான். ஒரு பெண்ணின் அடுக்களை அறிவு அது என்பதை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும்.

இனி, ஆரோக்கியம். கடை மிட்டாய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரை. சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சி, சோளமாவில் பதித்த குழிகளில் ஊற்றி உலர்த்துகிறார்கள். கிருமி வாழத் தேவையான ஈரம் அதில் மிஞ்சுவதில்லை. வீட்டு மிட்டாயில் பெரும்பங்கு தண்ணீர். சர்க்கரையைக் குறைத்த அளவுக்கு அதன் ஆயுளும் குறையும். ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தின்று தீர்ப்பதே நல்லது. வீட்டில் செய்தது மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், சர்க்கரையளவில் அது கடைச் சரக்கேதான்.

சர்க்கரைக்குப் பதில் தேன் என்பதும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் பாகிலும் பழச்சாற்றிலும் உள்ள இனிப்பையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஒரு நாளில் உண்ணும் மொத்த சக்தியில் அது 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், 5க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. முழுப் பழத்தைக் கடித்துத் தின்னும் பிள்ளைக்கு இந்த மிட்டாய் தேவையுமில்லை. பழத்தைத் தொடாத பிள்ளைக்கும், கடை மிட்டாயை விடாத பிள்ளைக்கும் இது ஒரு பாலம். கனிந்த ஃபீஜோவாவுக்குத் தனியாகச் சர்க்கரை வேண்டியதில்லை என்பதைக் கீழக்கரைப் பெண் ருசி பார்த்தே முடிவு செய்தார், அளவுக்கரண்டியைத் தொடவே இல்லை.

தொண்டையில் சிக்கும் ஆபத்து சர்க்கரையைவிட அவசரமானது. நியூசிலாந்தில் 2021 முதல் முன்பள்ளிகள் தாங்கள் தரும் உணவில் சுகாதார அமைச்சின் மூச்சடைப்புத் தடுப்பு வழிகாட்டுதலைப் பின்பற்றியாக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கூடாதவை என்ற வரிசையில் கடினமான மிட்டாயோடு சவைக்கும் மிட்டாயும் இருக்கிறது. வீட்டில் செய்தது, பழத்தில் செய்தது என்பதெல்லாம் தொண்டைக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துத் தாய் தன் மூன்று வயது மகளுக்கு மீன் அச்சில் ஊற்றுவதே இல்லை. தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, நூல்போல் அரிந்து, உட்காரவைத்துப் பக்கத்தில் இருந்து கொடுக்கிறார். பக்கத்து மையர்ஸ் பூங்காவில் ஓடியாடும் பெரியவனுக்கும் அதே சட்டம்தான், ஓடும்போது வாயில் எதுவும் இருக்கக்கூடாது.

விற்பனை? இருவருக்கும் ஆசை உண்டு. 2014ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளி நிதி திரட்டலுக்கென்றால் ஆண்டுக்கு 20 முறை வரை பதிவு இல்லாமல் விற்கலாம். இப்போதைக்கு அவர்கள் கடை அதுதான்.

அடுப்படியில் கிடந்த பாசிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். எந்தக் கடலில் எடுத்தது என்று எழுதியிருக்கவில்லை. எந்த அகர் பொட்டலத்திலும் இதைப் பார்த்த நினைவில்லை. மாம்பழத்துக்குக்கூட ஊர்ப்பெயர் போடுகிறவர்கள் கடலில் மூழ்கி எடுத்த பொருளுக்குப் போடுவதில்லை.

ஆக்லாந்துக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்துக்கு அகர் கொடுத்துவந்தது ஜப்பான். போரில் அந்த வழி அடைபட்டது. மருத்துவ ஆய்வகங்களும், டின்னில் இறைச்சி அடைக்கும் நியூசிலாந்து ஆலைகளும் தவித்தன. ஆக்லாந்துக்கு வடக்கே வார்க்வொர்த்தில் 1906இல் பிறந்து, நகர மையத்திலுள்ள ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த லூசி மூர், அரசின் தாவரவியல் பிரிவில் வேலை பார்த்தார். டெரோகிளாடியா என்ற சிவப்புப் பாசி எந்தக் கரையில் எவ்வளவு விளைகிறது, பறித்தால் எவ்வளவு வேகத்தில் திரும்ப முளைக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். வடதீவின் கிழக்குக் கரையில் மாவோரிக் குடும்பங்கள் அதைத் திரட்டி வெயிலில் காயவைத்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். 1943இல் கிறைஸ்ட்சர்ச்சில் டேவிஸ் ஜெலட்டின் நிறுவனம் அதிலிருந்து அகர் எடுக்கத் தொடங்கியது. ஜெலட்டினுக்குப் பேர்போன நிறுவனமே பாசியையும் கையில் எடுத்தது. ஹாப்சன் தெருவில் இரண்டு அடுப்பில் நான் கண்ட இரண்டு சரக்கையும் அப்போது ஒரே நிறுவனம் தயாரித்தது.

இதைச் சொன்னபோது கீழக்கரைப் பெண்ணுக்குத் தன் ஊர்க்கரை நினைவுக்கு வந்தது. “மாயாகுளத்துப் பக்கம் பாரதிநகர்ப் பொம்பளைங்க பாசிக்குப் போவாக. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, இடுப்புல வலைப்பை கட்டிக்கிட்டுப் போவாக. எங்க தாம்பாளத்துல இருந்தது அவுக எடுத்ததுதானோ என்னமோ. அப்ப யாரு அதெல்லாம் கேட்டா?”

மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டக் கரையெங்கும் இது பெண்கள் தொழில். படகில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலும் பவளக்கல்லிலும் முளைத்ததைப் பறித்து மேலே வருகிறார்கள். விரலிலுள்ள துணியைத் தாண்டியும் கல் கிழிக்கும். சொறிமீன் உரசினால் உடம்பு தடித்துப்போகும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி இரண்டும் அகருக்குப் போகும், கட்டக்கோரையும் பக்கோடாவும் அல்ஜினேட் என்ற வேறொரு பொருளுக்கு. கரையில் உலர்த்தி வியாபாரியிடம் போட்டால், மதுரைப் பக்கத்து ஆலைகளில் மரிக்கொழுந்து அகராகிறது. நல்ல அகர் தருவது மரிக்கொழுந்துதான். அது மெதுவாக வளரும் பாசி.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளத்தைக் காக்க அது வேண்டியதுதான். ஆனால் பாட்டி காலத்திலிருந்து தீவோரம் பாசி எடுத்தவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். படகும் பாசியும் பறிபோகுமோ என்ற பயத்தோடு கடலில் இறங்கவேண்டியதாயிற்று. அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த அமைப்பை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, கலிபோர்னியாவிலுள்ள சீகாலஜி அமைப்பு 2015இல் தன் விருதைக் கொடுத்தது. ஏழு வயதில் பாசிக்குப் போகத் தொடங்கியவர் அவர். டெரோகிளாடியா திரும்ப முளைக்கும் வேகத்தை லூசி மூர் அளந்து பார்த்தார். சின்னப்பாலத்துப் பெண்கள் அதே கணக்கைத் தங்கள் உழைப்பு நாளைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களே.

கடலில் பாசியை வளர்க்கும் திட்டங்கள் இப்போது அதிகம் பேசப்படுகின்றன. மூங்கில் மிதவைகளில் கப்பாபைக்கஸ் என்ற பாசியை மண்டபம் பகுதியில் ஏறக்குறைய 25 ஆண்டுகளாக வளர்க்கிறார்கள், 45 நாளில் அறுவடையாகிறது. மூழ்கத் தேவையில்லை, பல குடும்பங்களுக்கு அது வருமானம் தருகிறது. ஆனால் கப்பாபைக்கஸ் வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவில் அது பவளத்தின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அதிலிருந்து வருவதும் கராஜீனன், அகர் இல்லை. மிதவைகள் எத்தனை பெருகினாலும், ஹாப்சன் தெருவில் கொதிக்கும் அந்த இழைகளைப் போன்ற அகருக்கு ஏதாவதொரு கடலின் அகர்ப்பாசி வேண்டும். மன்னார் வளைகுடாவில் அது மரிக்கொழுந்து. அதை இன்னமும் பெண்கள் மூச்சடக்கிக் கையால்தான் பறிக்கிறார்கள்.