சூடு எங்கே போகிறது?

ப்ராசசரைக் குளிர வைக்கிறோம் என்கிறோம். உண்மையில் கூலர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சிலிக்கானிலிருந்து மேல்மூடிக்கு, அங்கிருந்து ஹீட்சிங்கின் உலோகத் தகடுகளுக்கு, கடைசியில் விசிறிக் காற்றோடு நம் அறைக்கு. கல்லூரி நாட்களில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெர்மல் பேஸ்ட் வாங்கியபோது எவ்வளவு வைக்கணும் என்று கேட்டேன். "துவரம்பருப்பு அளவு போதும் தம்பி. இடுக்குல நிக்கிற காத்தை வெளியேத்தத்தான் இது" என்றார் கடைக்காரர். காற்று சூட்டை லேசில் கடத்தாது. பாடப்புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொன்னது அவ்வளவுதான்.

சூடு பெரிய கவலையாக இல்லாத காலம் ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே பரப்பில் சூடு கூடாமலே வேகம் கூட்டலாம் என்று 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டினார்கள். சுமார் முப்பது வருடம் அந்தக் கணக்கு ஓடியது. பிறகு மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. சும்மா இருக்கும் டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது.

அந்தச் சுவரில் முதலில் மோதியவற்றில் ஒன்று இன்டெலின் பென்டியம் 4. கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஏற்றுவதற்காகவே வடிவமைத்தது. ஒவ்வொரு கட்டளையும் கடக்கும் பைப்லைனை 20 கட்டங்களாக நறுக்கினார்கள். 2004-ல் வந்த பிரெஸ்காட்டில் 31. கட்டம் சிறிதானால் கடிகாரம் வேகமாக அடிக்கலாம். ஆனால் நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஊகம் தப்பினால், பாதி வழி வந்த வேலை அத்தனையும் குப்பை. அந்தக் குப்பை வேலைக்குச் செலவான மின்சாரமும் சூடுதான். 3.8 கிகாஹெர்ட்ஸில், 115 வாட்டில் வண்டி நின்றது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸைக் கைவிட்டதற்காகத் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டார்.

விடை லேப்டாப் பக்கத்திலிருந்து வந்தது. பேட்டரிக்காகச் சிக்கனம் பழகிய பென்டியம் எம் வழியில் 2006-ல் கோர் 2 டுயோ பிறந்தது. இ6600 மாடல் வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், 65 வாட். எண்ணில் சின்னது, வேலையில் பெரியது.

என் தொழிலின் சௌகரியம் ஒன்று இங்கேதான் முடிந்தது. அதுவரை மெதுவான நிரலை அப்படியே விட்டால் போதும், அடுத்த வருட ப்ராசசர் பார்த்துக்கொள்ளும். இப்போது கிடைப்பது கூடுதல் கோர்கள். அரைக்காத மாவை வைத்துக்கொண்டு நாலு அடுப்பிலும் தோசை ஊற்ற முடியாது. எந்த வேலை எதற்குக் காத்திருக்கிறது, எதைப் பிரிக்கலாம் என்று நாங்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சிப்பைத் தாண்டி, அறையைத் தாண்டி, சூடு எங்கள் மேசைக்கே வந்துவிட்டது.

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "அண்ணா, ஃபேன் ரொம்பக் கத்துது, இன்னும் நல்ல மெஷின் கேக்கலாமா?"

"கேக்கலாம்டா. அதுக்கு முன்னாடி, எந்த லூப் சும்மா சுத்திக்கிட்டு இருக்குன்னு பாரு."