சேர்ந்துகொள்வதும் சேர்த்துக்கொள்வதும்



போன மாதம் பழைய மாணவர் ஒருவர் தன் வேலை விண்ணப்பத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டீச்சர், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்றார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் திருத்தித் தரச் சொல்கிறார். எனக்கும் சிவப்பு மை பிடித்த கை சும்மா இருக்குமா? முதல் வரியிலேயே, 'ஐ ஜாயின்டு இன் எ டெக்ஸ்டைல் கம்பெனி' என்று இருந்தது. அந்த 'இன்'னை எடுக்கச் சொன்னேன். "கம்பெனியில் சேர்ந்தேன் என்றுதானே டீச்சர் சொல்கிறோம், அந்த 'இல்'லுக்குத்தான் 'இன்' போட்டேன்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதப் போய்த்தான் இந்தப் பதிவு நீண்டுவிட்டது.

பள்ளி, கம்பெனி, கட்சி, ராணுவம் இவற்றில் ஆளாகச் சேர்வதற்கு ஆங்கிலத்தில் வெறும் 'ஜாயின்' போதும். 'ஐ ஜாயின்டு தி ஸ்கூல் இன் 1984' என்றால் சரி. அங்கே வரும் 'இன்' ஆண்டுக்கு உரியது, பள்ளிக்கு உரியது அல்ல. நம் ஊரில் பணி ஆணை கையில் வந்ததும் 'ஜாயினிங் ரிப்போர்ட்' கொடுப்போமே, அது இந்த ஜாயின்தான். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அன்று முழுவதும் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் சேர்ந்தவர் சேர்ந்தவர்தான்.

'ஜாயின் இன்' வேறு. இரண்டு சொல் கூடி ஒரு வினையாக நிற்பது. இதை ஃபிரேசல் வெர்ப் என்பார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே ஒன்றைச் செய்துகொண்டிருக்க, இவரும் போய் அதில் இறங்குவது. கும்மி வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் நின்ற பெண் தாளம் பார்த்து உள்ளே நுழைகிறாள். அந்த நுழைவுதான் ஜாயின் இன். ஒருவர் பாட ஆரம்பிக்க மற்றவர்கள் கூடப் பாடினால், 'எவ்ரிபடி ஜாயின்டு இன்'. பின்னால் எதுவும் வராமல் அப்படியே நிற்கும். சொல்லும்போது அழுத்தம் 'இன்' மேல் விழும். எதில் என்று சொல்லவேண்டுமானால் 'ஜாயின் இன் தி கேம்'. யாரோடு என்றால் 'ஜாயின் இன் வித் தி அதர்ஸ்'. இங்கே கையெழுத்தும் இல்லை, பதிவேடும் இல்லை. உடம்பும் மனசும் உள்ளே போகவேண்டும்.

'பார்டிசிபேட்', 'டேக் பார்ட்' இரண்டும் இதற்குப் பக்கத்து வீடு. லத்தீனில் 'பார்ஸ்' என்றால் பங்கு, 'கபெரே' என்றால் எடு. அதிலிருந்து வந்ததுதான் பார்டிசிபேட். டேக் பார்ட் என்பதும் பங்கு எடுப்பதே. நம் 'பங்கேற்பு'க்குள்ளும் அதே பங்கு இருக்கிறது. ஆனால் 'கலந்துகொள்' என்கிறோமே, அதில் பங்கு கிடையாது, பாலில் தண்ணீர் கலப்பது போலக் கலப்பது. எனக்குப் பங்கேற்பைவிட அது பிடிக்கும். (பார்டிசிபேட்டுக்குப் பின்னால் 'இன்' கட்டாயம் வரவேண்டும். 'பார்டிசிபேட்டட் தி காம்பெடிஷன்' என்று எழுதுகிறவர்கள் காதைக் காட்டுங்கள்.)

சரி, 'ஜாயின் இன்'னுக்குத் தமிழ் என்ன? 'சேர்ந்துகொள்'. பள்ளியில் சேர்ந்தான், விளையாட்டில் சேர்ந்துகொண்டான். ஆங்கிலத்தில் 'இன்' செய்யும் வேலையை இங்கே 'கொள்' செய்கிறது. துணைவினை என்று பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கும். அதோடு நமக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறது. கொஞ்சம்தான் வித்தியாசம்: 'சேர்த்துக்கொள்'. தெருவில் குழந்தைகள் எப்படிக் கேட்கும்? "என்னையும் ஆட்டைக்குச் சேத்துக்கறீங்களா?" யாரும் 'நான் சேர்ந்துகொள்கிறேன்' என்று அறிவித்துவிட்டு உள்ளே போவதில்லை. கும்மி வட்டத்திலும் அப்படித்தான், இரண்டு பேர் தள்ளி நின்று இடம் விட்டால்தான் மூன்றாவது ஆள் நுழையமுடியும். ரொம்பச் சின்னப் பிள்ளை அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்வோம். தொட்டாலும் அவுட் கிடையாது. பங்கு என்று பார்த்தால் அவனுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் ஆட்டத்தில் இருக்கிறான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அக்கா பேத்தி இங்கிலாந்தில் படிக்கிறாள். நாலரை வயது. அங்கே ரிசப்ஷன் என்று சொல்லும் முதல் வகுப்பு. டேர்ம் முடிந்து ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நன்றாக எழுதிவிட்டு, கடைசியில், 'நீட்ஸ் என்கரேஜ்மெண்ட் டு ஜாயின் இன்' என்று ஒரு வரி. குடும்பக் குரூப்பில் அதைப் பார்த்த அக்கா பதறி, "இன்னும் பள்ளிக்கூடத்துலயே சேரலையாடி?" என்று எனக்குப் போன் போட்டாள். சிரித்தோம். ஆனால் பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "சித்தி, என் பொண்ணு ஒதுங்கியே நிக்கறா போல. நான்தான் சரியா வளக்கலையா?" என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதிய ஆசிரியை மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வகுப்பு ரிப்போர்ட்டில் சாதாரணமாக வருகிற சொற்கள், அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வாக்கியத்தின் எழுவாய் குழந்தை. சேரவேண்டியது அவள் வேலை என்று ஆகிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் இடம் விட்டார்களா என்பதைச் சொல்ல அந்த வரியில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் சொல்லமுடியாது என்று சொல்லவரவில்லை. 'லெட் ஹர் ஜாயின் இன்' என்றோ 'இன்க்ளூட்' என்றோ சொல்லலாம். ரிப்போர்ட்டில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

1996-ல் என் ஐந்தாம் வகுப்புக்கு ஜனவரி மாதம் ஒரு பிள்ளை வந்தாள். அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். மதியம் பெண்கள் கோகோ ஆடும்போது கொடிக்கம்பத்தை ஒட்டி நிற்பாள். ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருந்தால் யாரும் 'கலந்துகொள்வதில்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் போய் நின்றால் தெரியும்: 'கோ' கொடுக்கும் நேரத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் வாய் அசையும், கால் அந்தப் பக்கம் திரும்பும். ஆட்டம் முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒருத்திக்கு அம்மை போட்டு ஆள் குறைந்தது. "ஏய், நீ வர்றியா?" என்று ஒரு குரல். அவள் ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்கும். மறுநாளிலிருந்து முதல் ஆளாக அவளைத்தான் பிரித்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் இல்லை, சூளை வேலை முடிந்து குடும்பம் போய்விட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இந்தப் பதிவைப் படிப்பாள், பேர் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

அக்கா மகளிடம் சொன்னேன்: பிள்ளையை எதுவும் கேட்காதே, 'ஏன் சேரமாட்டேங்கிற' என்று கேட்கவே கேட்காதே. டீச்சரிடம் மட்டும் இரண்டு கேள்வி கேள். மற்ற பிள்ளைகள் ஆடும்போது இவள் எங்கே நிற்கிறாள்? எதைப் பார்க்கிறாள்? ஆங்கிலத்தில் நாலு வரி நானே எழுதிக் கொடுத்தேன், அனுப்பிவிட்டாள். அங்கே இப்போது விடுமுறை, பள்ளி திறந்துதான் பதில் வரும்.

அதுவரை சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "பாட்டிக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு, தாத்தாவுக்கு டாட்டா காட்டு" என்று அந்தப் பிள்ளையைப் போட்டு எடுக்காதீர்கள். நாம் நம் பாட்டுக்கு அந்தாக்ஷரி ஆடுவோம். போன் அவள் பக்கத்தில் இருக்கட்டும்.